பம்பாய் விமானத்தில் திரும்பி வந்த பொழுது

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு என்ற பேச்சே கிடையாது. நாங்கள் சமணர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, வாய் கொப்பளித்து முடித்திருக்க வேண்டும். அதற்கப்புறம் எங்களுக்கெல்லாம் தண்ணீர் மட்டும் உண்டு. அம்மாவுக்கு அதுவும் கிடையாது. இருட்டில் சாப்பிட்டால் சோற்றில் பூச்சி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, நம் பசிக்காக ஒரு உயிர் போய்விடும் என்பதுதான் காரணம். கேட்கிறவர்களுக்கு நியாயமாகப் படும். சின்ன வயதில், பக்கத்து ஊர்ப் பையன்கள் வீட்டில் ராத்திரி தோசை வார்க்கிற வாசனை வரும்போது எனக்கு அவ்வளவு நியாயமாகப் பட்டதில்லை.

வீட்டில் சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. அம்மா அதை நம்பமாட்டாள். அவள் நம்பியது தாம்பரத்து விமானங்களை. விமானப் படைக்காரர்கள் பயிற்சிக்காக மத்தியானத்துக்கு மேல் எங்கள் கொல்லைகளுக்கு மேலே வந்து சுற்றுவார்கள். கவிழ்ந்து நிமிர்ந்து வித்தையெல்லாம் காட்டிவிட்டு, வெயில் மஞ்சளாகிறபோது ஒவ்வொன்றாகக் கிழக்கே திரும்பிப் போய்விடுவார்கள். கடைசி விமானம் திரும்பினதும் அம்மா உலை வைப்பாள். எல்லையில் சண்டை நடந்த சமயத்தில் அவை கண்ட கண்ட நேரத்தில் பறந்ததால் எங்கள் சாப்பாட்டு வேளையே தாறுமாறாகிவிட்டது. நாட்டுக்கு வந்த கஷ்டத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பங்கு அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அந்த விமானங்கள்மேல் ஒரு புகாரும் உண்டு. தாழப் பறக்கும்போது கன்றுக்குட்டி மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிடும். "எவனோ ஒருத்தன் இருக்கிறான்பா, நம்ம கொல்லையைப் பாத்தாதான் அவனுக்குக் கீழ எறங்கத் தோணுது" என்பாள். அவன் முகத்தை ஒரு நாள் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

எனக்கு விமானத்தோடு இருந்த உறவு வேறு மாதிரி. நான் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக் கடை வைத்திருந்தேன். முகூர்த்தக் காலத்தில் பம்பாய் வியாபாரிகளுக்குப் பொறுமை இருக்காது. ரயிலில் அனுப்பினால் கோபித்துக்கொள்வார்கள். அதனால் அவசரச் சரக்கை விமானத்தில் போடுவேன். சேலைகளை அடுக்கி, கெட்டித் துணியில் சுற்றி, நாலு பக்கமும் கோணி ஊசியால் தைத்து, மேலே மையால் விலாசம் எழுதி மீனம்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டும். தையல் பிரிந்திருந்தால் அங்கே எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அம்மா டவுனுக்கு வரும்போதெல்லாம் கடையில் உட்கார்ந்து, பார்சல் தைக்கிறவர் தைப்பதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இதெல்லாம் ஏரோப்ளேன்லயா போவுது?"

"ஆமாம்மா."

"தெச்சாதான் ஏத்துவானா?"

"தெச்சாதான் ஏத்துவான்."

இந்தப் பேச்சு எத்தனை தடவை நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பின்னால் இது என் தலையிலேயே வந்து விடியும் என்று அப்போது தெரியாது.

தங்கையைப் பம்பாயில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு அங்கே மில்லில் வேலை. அவளுக்கு அது தலைப்பிரசவம். ஊருக்கு வரச் சொன்னதற்கு, டாக்டர் ரயிலில் போகக்கூடாது என்றுவிட்டார், அங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். தை மாதம் கடைசியில் அம்மா போய் இருப்பதாக ஏற்பாடு. தை மாதம் நடுவிலேயே தந்தி வந்துவிட்டது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள், பெண் குழந்தை, தாய் மிகவும் பலவீனம், உடனே புறப்படவும்.

தந்தி வந்தது பௌர்ணமி அன்று காலை. முதல் நாள் சதுர்த்தசி என்பதால் அம்மா முழு உபவாசம் இருந்தாள். மறுநாள் காலையில் கோயிலுக்குப் போய் வந்துதான் சாப்பிடுவாள். அன்றும் கோயிலிலிருந்து வந்து, இலை போட்டு, கஞ்சி ஊற்றிக்கொள்ளப் போகிற நேரத்தில்தான் நான் தந்தியோடு உள்ளே நுழைந்தேன். இலையை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போலாம்மா."

"எறங்காதுடா. தூக்குல போட்டு எடுத்துக்கறேன். போற வழியில சாப்பிட்டுக்கலாம்."

உபவாசத்துக்கு மறுநாள் வேளை தவறினால் அம்மாவுக்குத் தலை சுற்றும். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படித்தான் கோயில் படியில் விழுந்து, நெற்றியில் தழும்பே இருக்கிறது. தங்கை ஒரு பக்கம் கிடக்கிறாள், அம்மாவும் விழுந்தால் நான் யாரைப் பார்ப்பது? பொழுது சாய்வதற்குள் எப்படியாவது அம்மா வயிற்றில் ஏதாவது போட வேண்டும். அன்றைக்கு முழுவதும் எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

காஞ்சிபுரம் வந்ததும் அம்மாவைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, மெட்ராஸில் என் பார்சல்களைப் பார்த்துக்கொள்கிற ஏஜெண்டுக்கு டிரங்க் கால் போட ஓடினேன். நல்ல மனிதர். சேலைக்கு இடம் பிடிக்கிற மாதிரியே எங்களுக்கும் மாலை விமானத்தில் இரண்டு இடம் பிடித்துவிட்டார். நான் திரும்பி வருவதற்குள் கடையில் ஒரு வேலை நடந்து முடிந்திருந்தது. தங்கைக்கென்று எடுத்துவந்த நெய், மருந்துச் சாமான், பழந்துணி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகச் சுற்றி, நாலு பக்கமும் அழகாகத் தைத்து, மேலே பம்பாய் விலாசம் எழுதி வைத்திருந்தார்கள். அம்மாதான் தைக்கச் சொல்லியிருக்கிறாள். விமானத்துக்குத் தைக்காமல் எடுத்துப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களே!

எனக்குச் சிரிப்பு வந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் சாப்பிடச் சொன்னேன். ஆடிக்கொண்டே சாப்பிட முடியாது என்றுவிட்டாள். சரி, மீனம்பாக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடட்டும், நேரம் நிறைய இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மீனம்பாக்கத்தில் கவுண்டரில் இருந்தவர் மூட்டையை நிறுத்து, சீட்டுக் கட்டி, பின்பக்கம் தள்ளிவிட்டார். நாற்காலி தேடி உட்கார்ந்ததும், "இப்பவாவது சாப்பிடும்மா" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். கவுண்டரைப் பார்த்தாள்.

"சாப்பாடு மூட்டையிலதாண்டா இருக்குது."

"மூட்டையிலயா? தூக்கை எதுக்கும்மா அதுல வெச்சே?"

"தெச்சாதான் ஏத்துவான்னு நீதான சொன்னே?"

கவுண்டருக்கு ஓடினேன். மூட்டை விமானத்தடிக்குப் போய்விட்டது, இனிமேல் பம்பாயில்தான் கிடைக்கும் என்றார்கள். கேண்டீனுக்கு ஓடினேன். முட்டை ரொட்டி, உருளைக்கிழங்கு போண்டா, வெங்காய வடை என்று அம்மா தொடாததெல்லாம் வரிசையாக இருந்தது. முட்டையை மட்டுமில்லை, மண்ணுக்குள் விளைகிற எதையும் அவள் தொடமாட்டாள். இதற்கு நடுவில், விமானம் வரத் தாமதமாகும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். காத்திருந்தோம். அம்மா கூஜாவிலிருந்து வடிகட்டின தண்ணீரை இரண்டு வாய் குடித்துவிட்டுக் கண்ணாடி வழியாக வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே சாலைக்கு ஓடி, கூடைக்காரி ஒருத்தியிடம் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பினால், எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

விமானக் கடத்தல் செய்திகள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. அதனால் ஏறுகிறவர்களைத் தடவிப் பார்த்துச் சோதிப்பது புதிதாக வந்திருந்தது. புது வேலை என்பதால் ரொம்பவும் சிரத்தையாகச் செய்தார்கள். என் கையிலிருந்த சீப்பை வாங்கி, பழம் பழமாக விலக்கி, காம்பைத் திருகிப் பார்த்தார் ஒருவர். கூஜாவைத் திறந்து முகர்ந்தார். மூடினார். மறுபடி திறந்தார். பல்லாவரம் மலைப் பக்கம் சூரியன் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மனிதரை இரண்டு அறை அறையலாம் போலிருந்தது.

விமானத்தை நோக்கி நடக்கும்போது, "ஒரு பழத்தையாவது வாயில போடும்மா" என்று கெஞ்சினேன்.

"நடந்துக்கினு சாப்பிடறதுக்கு நான் இன்னா ஆடா? ஏறி ஒக்காந்து சாப்பிடறேன் இரு."

ஏறி, இடம் தேடி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பட்டையைக் கட்டி, கூஜாத் தண்ணீரில் கை நனைத்து, கண்ணை மூடிப் பஞ்சமந்திரம் சொன்னாள். கண்ணைத் திறந்தபோது மலைக்குப் பின்னால் வெறும் சிவப்புதான் இருந்தது. விமானம் மெதுவாக உருள ஆரம்பித்தது. அம்மா பழத்தை என் மடியில் வைத்தாள்.

"பொழுது போயிடுச்சு. நாளைக்குப் பாத்துக்கலாம்பா."

அவ்வளவுதான். கோபமில்லை, வருத்தமில்லை, பேரம் பேச ஒரு வார்த்தை இல்லை. எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

என் இன்னொரு பக்கத்தில் மீசை வைத்த இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சேலத்துக்காரர், விமானப் படையில் விமானி. தாம்பரத்தில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு மாற்றலாகி வடக்கே போகிறாராம். தாம்பரம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மாகறல் பக்கம் வந்து சுத்தறது நீங்கதானா?"

"ஆமாம்மா, அந்தப் பக்கம்தான் எங்களுக்கு ஒதுக்கியிருக்காங்க."

"எங்க கன்னுக்குட்டி உங்களால எத்தினி கயிறு அறுத்திருக்குது தெரியுமா?"

அவர் கை கூப்பி, "இனிமே உங்க கொல்லைக்கு மேல ஒசரமா போகச் சொல்லி எழுதிப் போட்டுடறேம்மா" என்றார். அம்மா சிரித்தாள். அத்தனை வருஷத்து வழக்கு அங்கேயே தீர்ந்துபோனது. நான் அந்தச் சாக்கில், அம்மா நேற்றிலிருந்து பட்டினி, பொழுது போனதால் இனி நாளைக் காலைதான் என்று அவரிடம் புலம்பினேன். அவர் குனிந்து அம்மாவுடைய ஜன்னலைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தத் தடத்தில் அப்போதுதான் ஜெட் விமானம் விட்டிருந்தார்கள். முன்பு ஒரு தடவை காற்றாடி வைத்த விமானத்தில் பெங்களூர் போயிருக்கிறேன். மலை ஏறுகிற பஸ் மாதிரி முக்கி முனகித்தான் ஏறும். இது அப்படியில்லை. ஒரே ஓட்டம், ஒரே எழும்பல், முதுகு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது. பட்டுச் சேலை கட்டிய பணிப்பெண் தட்டில் மிட்டாயும் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் கொண்டுவந்தாள். அம்மா பஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு, அவள் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "நம்ம ஊர்ப் பட்டு இல்லடா" என்று என் காதில் சொன்னாள். தலை சுற்றுகிற நிலைமையிலும் கடைக்காரனின் அம்மாதான்.

விமானம் மேற்கே திரும்பி இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. திடீரென்று அம்மாவின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. முதலில் விளக்குப் போட்டார்கள் என்று நினைத்தேன். அம்மா ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். கீழே ஊரெல்லாம் இருட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில், மேற்கே, போன சூரியன் மறுபடி எழும்பி வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு கீற்று, அப்புறம் பாதி, அப்புறம் முழுசாக, சிவப்பாக, தட்டு மாதிரி.

அம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். "இன்னாடா இது?" என்றாள் மெதுவாக.

விமானி குனிந்து சொன்னார்: "நாம அவ்ளோ வேகமா மேல ஏறிட்டோம்மா. கீழ மறைஞ்சது இங்கேர்ந்து தெரியுது. ரொம்ப நேரம் நிக்காது. சாப்பிடறதுன்னா இப்பவே சாப்பிட்டுடுங்க."

நான் பழத்தை எடுத்து நீட்டினேன். அம்மா வாங்கவில்லை. "நான் முடிச்சுட்டேனேடா. பொழுது போச்சுன்னு வாயால சொல்லிட்டேனே" என்றாள். ஒரு கையில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். சாஸ்திரம் பேசுகிற நேரமா இது? சூரியன் என்ன, இவள் யோசித்து முடிக்கிற வரைக்கும் நிற்கவா போகிறது?

"அம்மா, பூச்சி தெரியணும்னுதானே வெளிச்சம் கேக்கறோம்? பழம் தெரியுதா இல்லையா?"

அம்மா பழத்தைப் பார்த்தாள். சூரியனைப் பார்த்தாள். பிறகு விமானியைத் தாண்டி அந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். அங்கே பௌர்ணமி நிலா எழும்பிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் சூரியன், அந்தப் பக்கம் நிலா, நடுவில் நாங்கள்.

"தெரியுது. கண்ணால பாத்துட்டு இல்லைன்னு எப்பிடிச் சொல்றது?" என்று சொல்லி, கையை நீட்டினாள்.

கை நனைத்தாள், மறுபடி மந்திரம் சொன்னாள், உரித்தாள். ஒவ்வொரு வாயாக, அவசரமே இல்லாமல், சூரியனைப் பார்த்தபடி சாப்பிட்டாள். ஒரு பழம் முடிந்து இரண்டாவதை உரித்தாள். விமானம் ஏற்றத்தை முடித்துச் சமமாகப் பறக்கத் தொடங்கியதும் சூரியன் இறங்க ஆரம்பித்தது. எங்கள் ஊரில் இறங்குவதைவிட மெதுவாகத்தான் இறங்கியது. விமானி எழுந்து நின்றே பார்த்தார். அம்மா கூஜாவைத் தூக்கி நாலு வாய் தண்ணீர் குடித்தாள். மறுபடி பழத்தைக் கடித்தாள். சூரியனின் கடைசி விளிம்பு உள்ளே போனபோது அவள் கையில் பாதிப் பழம் இருந்தது. அதைத் தோலோடு மூடி, கைக்குட்டையில் சுற்றி, பைக்குள் வைத்துவிட்டாள். அந்தப் பாதியையும் சாப்பிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. எனக்கு அது போதும். விமானியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம், என்னவோ நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சூரியனைத் தூக்கி நிறுத்தின மாதிரி.

பம்பாயில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. மாப்பிள்ளை வந்திருந்தார். மூட்டையை வண்டியில் போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். குழந்தை நன்றாக இருக்கிறதாம். தங்கைக்குத்தான் ரத்தம் நிறையப் போய்விட்டதாம். சாயங்காலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியும், பால் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டதால் அவள் குடிக்கமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டாளாம். நர்ஸ் திட்டிப் பார்த்தாள், இவர் கெஞ்சிப் பார்த்தார், டாக்டரே வந்து சொல்லியும் கேட்கவில்லையாம்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் தங்கை யாரிடமிருந்து இதைப் படித்தாள்? இப்போது சொல்லிக்கொடுத்தவளையே அவளிடம் கூட்டிப் போகிறோம். அம்மா அவள் தலையைத் தடவி, சரிடி, காலையில் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

தங்கை வெள்ளையாக, துணி மாதிரி கிடந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கண்ணோரம் நீர் வழிந்தது. பக்கத்தில் தொட்டிலில் குழந்தை தூங்கியது. மேஜைமேல் பால் மூடி வைத்திருந்தது. அம்மா குழந்தையைப் பார்த்தாள், தங்கையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நேராக மேஜைக்குப் போனாள். மூடியைத் திறந்து, டம்ளரை விளக்குக்கு நேராகப் பிடித்து, பூச்சி இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து தங்கையின் தலையை நிமிர்த்தினாள்.

"குடி."

தங்கைக்கு நம்ப முடியவில்லை. "பொழுது போயிடுச்சேம்மா" என்றாள்.

"போனா இன்னாடி? வரும். நான் பாத்துட்டுதான் வர்றேன். குடி."

தங்கை குடித்தாள். மாப்பிள்ளை கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டம்ளர் காலியானதும் அம்மா அதை வாங்கிக் கழுவி வைத்தாள். கூஜாவில் தண்ணீர் இருந்தது. அதை அவள் திறக்கவில்லை. மறுநாள் எதிர்க் கட்டடத்துக்கு மேலே வெயில் வந்த பிறகுதான், "இந்த ஊரு சூரியனுக்கு எழுந்திரிக்க இம்மாம் நேரமா?" என்று சொல்லிக்கொண்டே, கறுத்துப் போயிருந்த அந்தப் பாதிப் பழத்தை எடுத்துச் சாப்பிட்டாள்.